புரட்டிக் காட்டிய பை

நீலத் துணியில் தைத்த சின்னப் பை அது. ஓரத்தில் சிவப்பு நூல், வாயில் சுருக்குக் கயிறு. கண்டக்டர் அக்காவின் சொந்தக் காசு அதற்குள்தான் இருக்கும். காலையில் டிப்போவில் டிக்கெட் மிஷினை வாங்கும்போதே, தன் கையில் சொந்தப் பணம் இவ்வளவு என்று வேபில் என்கிற கணக்குத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். டீக்கும் சோற்றுக்கும் அதிலிருந்துதான். எழுதியதற்கு மேல் ஒரு ரூபாய் இருந்தால் அது கம்பெனிப் பணம், எடுத்தவர் திருடர். பொதுப்பணத்தைத் தொடுகிற கை தன் பையைத் திறந்து காட்டட்டும். அந்த விதியை இன்றும் நான் குறை சொல்லவில்லை. அது பஸ்ஸின் படிக்கட்டோடு நின்றுபோகிறதே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது வேலந்தாவளத்துப் பால் சங்கத்தில் எனக்கு வேலை. பாலக்காட்டிலிருந்து தினமும் அந்த அரசு பஸ்தான். சந்தை நாளில் புதுக் கயிறும் சாணமும் மணக்கும். ஜன்னலில் கணவாய்க் காற்று அறைந்துகொண்டே வரும். அக்காவுக்கு ஊர் வடகரப்பதி. வழியில் மருந்துக் கடை இல்லாத நிறுத்தங்களில் பெண்கள் காசையும் காலி மாத்திரை அட்டையையும் அவரிடம் கொடுத்துவிடுவார்கள். டவுனில் வாங்கி அடுத்த ட்ரிப்பில் தருவார். யாரும் போட்ட ஏற்பாடல்ல. அந்தத் தடத்தின் வழக்கம்.

அன்றும் ஒருத்தி ஓடி வந்தாள். “ஏனுங்க கண்டக்டரக்கா, எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை மாத்திரை தீந்துபோச்சுங்க.”

“குடு அம்மிணி. சாயங்காலம் நேரத்துக்கு வந்து நில்லு. வரலீன்னா நானே முழுங்கிப்போட்டுப் போயிருவேன்.”

பஸ்ஸே சிரித்தது. இருநூறு ரூபாய் நீலப் பைக்குள் போனது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் செக்கிங் ஸ்குவாடு ஏறியது. பையைப் புரட்டி, எஞ்சின் பெட்டியின் மேல் கொட்டினார்கள். எழுதியதைவிட இருநூறு அதிகம். “மாத்திரைக் காசுங்க சார், இந்தாங்க அட்டை” என்றார் அக்கா. நாங்களும் சொன்னோம், நான் கத்தவே செய்தேன். ஸ்குவாடு அதிகாரி தலை நிமிரவில்லை. “பிரயாணிங்க சொல்றதெல்லாம் ரிப்போர்ட்ல வராது” என்றார். மறுநாளே சஸ்பென்ஷன். புருஷன் இல்லாத வீடு; அந்தச் சம்பளம் ஒன்றுதான் அடுப்பெரித்தது.

அரசாங்க மானியத்தில் மூச்சு விடுகிற பஸ் கம்பெனி அது. நஷ்டம் என்று எங்கள் சாயங்கால ட்ரிப்பை நிறுத்தியதும் அதே சமயத்தில்தான். ஒருநாள் சங்கத்து வாசலுக்கே வந்து அக்கா கேட்டார்: “கண்ணு, எங்க பஸ் கம்பெனி எம்.டி. சாருக்குச் சம்பளம் எவ்வளவு?” தெரியாது என்றேன். “என்ற பையில என்ன இருந்துதுன்னு சந்தையில மாடு வாங்க வந்தவனுக்கெல்லாம் தெரியுது. அவரு பையை மட்டும் ஆரும் பாக்கக் கூடாதா? கேட்டுத்தான் பாப்பமே.”

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். எம்.டி.க்கும் மேலதிகாரிகளுக்கும் சம்பளம், படி, வீடு, வண்டி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று. அது அவரவர் சொந்த விஷயம், வெளியிட முடியாது என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கும் அதே பதில். சொந்த விஷயமாம்! எஞ்சின் சூட்டில் சில்லறை தெறிக்க, ஊர் பார்க்க ஒரு பெண்ணின் பையைக் கொட்டினீர்களே, அது யாருடைய விஷயம்? டிக்கெட் வாங்குகிறவளும் வரி கட்டுகிறவளும் கொடுத்த காசுதானே அங்கே சம்பளமாகிறது? கொடுத்தவள் கேட்டால் எட்டிப் பார்க்கிறாள் என்கிறீர்கள். கீழே இருப்பவனுக்கு உடம்பெல்லாம் கண்ணாடி, மேலே இருப்பவனுக்குக் கதவெல்லாம் திரை. இதற்கு நிர்வாகம் என்று பெயர்.

அக்கா மீதான விசாரணை பல மாதம் இழுத்தது. வேலை திரும்பக் கிடைத்தது. கூடவே பீர்மேட்டுப் பக்கம் மாற்றல். “மலையேத்திட்டாங்க கண்ணு” என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

போன மாதம் ஒரு வேலையாக அங்கே போனேன். மலைப் பாதையில் ஏறிய பஸ்ஸில் அவரேதான் கண்டக்டர். முன்நெற்றி நரைத்திருந்தது; பை அதே நீலம், வெளுத்துப்போயிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் முன்னால் ஒரு பெண் கைகாட்டி நிறுத்தி, அட்டையும் பணமும் நீட்டினாள். “யக்கா, அம்மைக்குப் பிரஷர் மாத்திரை.”

வாங்க மாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். வாங்கி, நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

“எல்லாரும் பாத்துக்குங்க. இருநூறு ரூபா. இந்தம்மாவோட மாத்திரைக் காசு. என்றது இல்லீங்க.”

“பாத்தாச்சு யக்கா!” என்று கடைசி சீட்டிலிருந்து குரல்கள்.

பழைய கதை தெரிந்த டிரைவர் திரும்பாமலே கேட்டார்: “எம்.டி.க்கு இதே மாதிரி ஒரு பை தச்சுக் குடுக்கலாம்லா?”

“கேட்டேன். அளவு சொல்ல மாட்டேன்னுட்டாங்க.”

பஸ் குலுங்கிச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தன் காசைக் கையில் கொட்டிக்கொண்டு, பையை உள்வெளியாகப் புரட்டி எல்லோருக்கும் ஒருமுறை காட்டிவிட்டு, காசையும் நோட்டையும் அதற்குள் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்தார்.