ஐஞ்சு எண்டு சொல்லு

என் மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே அவள் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாள். பாரிசில் எங்கள் ஆட்களின் வீடுகளில் இது புதினமில்லை. மின்சாரக் கடிதம் வந்தாலும், விசா அலுவலகத்தில் சந்திப்புக்கு ரண்டேவூ எடுப்பதென்றாலும், குளியலறைக் குழாய் ஒழுகினாலும், "பிள்ளையைக் கூப்பிடு" என்பதுதான் முதல் பேச்சு. நான் அதற்குள் பத்துப் பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் குப்பை கொட்டியிருந்தேன். சமையலறைப் பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கத்தி, வெங்காயம், சூடு, கெதியா, மன்னிக்கவும், எல்லாம் வரும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்துவிட்டால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பேன். அவள் பேசுவாள், நான் பெரிய மனிதரைப் போலத் தலையாட்டுவேன்.

இந்த வசதிக்குள் ஒரு கெடுதி இருந்தது. பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாத ஒன்றை மருத்துவருக்கும் சொல்ல முடியாது.

நான் அப்போது ஒரு நாளைக்கு ஒரு பக்கெற், இருபது சிகரெட், பத்துகிறவன். அது நான் வேலை செய்த ரெஸ்ரோரண்டின் குப்பைத்தொட்டி முற்றத்துக்கும், கார் து நோர் ரயில் நிலையத்தின் வாசலுக்கும் மட்டும் தெரியும். வீட்டில் மனைவிக்குத் தெரிந்த கணக்கு மூன்று. வீடு போக முன்னர் சமையலறை எலுமிச்சைத் துண்டால் விரல்களைத் தேய்ப்பேன், ரயிலில் பெருஞ்சீரகம் மெல்லுவேன். மூத்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் பத்தாமல் இருப்பது எங்களுக்கு மரியாதை. பாரிசுக்கு வெளியே எபினேயில் இருக்கும் என் அண்ணையும் பத்துகிறவர்தான். குடும்பக் கொண்டாட்டங்களில் அவர் காரில் எதையோ எடுக்கப் போவார். அவர் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். இருபது வருடமாக இப்படித்தான். ஆளுக்காள் தெரியும், ஆளையாள் கண்டதில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் எனக்கு இருமல் விடாமல் இருந்தது. மருத்துவர் எத்தனை சிகரெட் என்று கேட்டார். "மூண்டு எண்டு சொல்லு" என்றேன். சொன்னாள். மருத்துவர் எழுதிக்கொண்டார். அதில் எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. கெட்டித்தனமாகத் தப்பிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து, 2016 அளவில், சார்செலில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோன ஒரு வாரத்தில் ஆறு மாடி ஏற முடியாமல் நாலாம் மாடிப் படியில் குந்திவிட்டேன். மருத்துவர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார், நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார், பிறகு மகளைப் பார்த்து நீளமாகப் பேசினார். அவள் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டாள்.

"நிப்பாட்டச் சொல்றார் அப்பா. நெஞ்சுக்குள்ள பழுதாகினது திருப்பி நல்லா வராதாம். மிச்சத்தையாவது காப்பாத்தோணுமாம். ஒரேயடியா விடக் கஷ்டமெண்டா, சிகரெட்டை விட்டிட்டு வேப் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாமாம்."

பதினைந்து வயதுப் பிள்ளை தன் தகப்பனின் நெஞ்சைப் பற்றி அப்படி ஒரு செய்தியைத் தன் வாயால் சொல்லவேண்டி வந்தது. நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அவளுடைய தமிழ் வகுப்பு முடிந்த கையோடு, எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குப் போனோம். அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் மின்சிகரெட் விற்கிற வேப் கடை ஒன்று இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று இரண்டு புறமும் பார்த்தேன். அந்தத் தெருவில் இரண்டு நிமிடம் நின்றால் தெரிந்த முகம் ஒன்று வராமல் இராது. வந்தது. முருங்கைக்காய்ப் பையோடு வந்த ஒருவர், "என்ன அண்ணை இஞ்சை நிக்கிறியள்" என்றார். "சும்மா, போனுக்கு ஒரு சார்ஜர் வேண்ட வந்தனான்" என்றேன். மகள் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், தாடி வைத்தவர். முதலில் மகளைத்தான் பார்த்தார். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு விற்பதில்லை என்று சொல்லியிருக்கவேண்டும், அவளுடைய காது சிவந்துபோயிற்று. வாங்குவது தகப்பனுக்குத்தான், தான் கதைக்க மட்டும் வந்ததாக அவள் விளக்கினாள். என் பழக்கத்துக்கு என் பிள்ளை சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றாள். கடைக்காரர் பேனா மாதிரி இருந்த கறுப்பு வேப் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தினை எண்டு கேக்கிறார். அதுக்கேத்த மாதிரித்தான் லிக்கிட் தரலாமாம்" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். இருபதுக்குப் பிரெஞ்சில் என்ன என்று தெரியாதவனா நான். ஒரு நாளைக்கு நூறு தரம் சமையலறையில் கத்துகிற எண் அது. ஆனால் பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐஞ்சு எண்டு சொல்லு."

மூன்றை ஐந்தாக்கியதே பெரிய நேர்மை என்று அப்போது எனக்குள் ஒரு நினைப்பு. அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். பிறகு ஐந்து என்று சொன்னாள். கடைக்காரர் பேனாவுக்குள் ஊற்ற நிக்கொட்டின் மிகக் குறைந்த லிக்கிட் போத்தலை எடுத்தார், மூன்று மில்லிகிராம் என்று போட்டிருந்தது. பேனாவைக் கழற்றிப் பூட்டிக் காட்டினார். அவள் தன் தமிழ்க் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அதைச் சதுரக்கோட்டுத் தாள் ஒன்றில் தமிழில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். பொத்தானை ஐந்து தரம் கெதியாக அமத்தினால் பேனா எழும்பும், திரும்ப ஐந்து தரம் அமத்தினால் படுக்கும், படுக்க வைத்துவிட்டுத்தான் பொக்கெற்றில் வைக்கவேண்டும் என்று தொடங்கியது. உள்ளே சூடாகும் கம்பிக்கும் பஞ்சுக்கும் ரெசிஸ்தான்ஸ் என்று பெயர். புதிது போட்டால் பஞ்சில் மூன்று துளி லிக்கிட் விட்டு, அது ஊற்றும் தாங்கியை நிரப்பி, பத்து நிமிடம் பொறுக்கவேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு கருகும். நிரப்பும்போது நடுக்குழாய்க்குள் ஊற்றக்கூடாது. சிகரெட் மாதிரி அவசரமாக இழுக்கக்கூடாது, மெதுவாக இழுத்து, அடுத்த இழுப்புக்குக் கொஞ்சம் பொறுக்கவேண்டும். அதனுடைய வயரில்தான் சார்ஜ் போடலாம், போட்டுவிட்டு நித்திரைக்குப் போகக்கூடாது. லிக்கிட் கையில் பட்டால் உடனே கழுவவேண்டும், போத்தல் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. ரெசிஸ்தான்ஸ் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மாற்றவேண்டும். கடைசியில், 'ஞாயிற்றுக்கிழமை நான் கழுவித் தருவேன்' என்று இருந்தது. நாலைந்து எழுத்துப்பிழை. அதையும் நான் பார்த்துச் சிரித்தேன்.

முதல் நாளே எனக்கு அது காணாது என்று தெரிந்துவிட்டது. இருபது சிகரெட் கேட்கிற உடம்புக்கு ஐந்து சிகரெட்காரனின் தண்ணீரைக் கொடுத்தால் என்ன ஆகும். இழுத்தேன். பொறுக்காமல் மீண்டும் இழுத்தேன். தாள் சொன்ன பொறுமை ஒன்றும் என்னிடம் இல்லை. நாலாம் நாள் பஞ்சு கருகி, தொண்டையில் எரிந்த துணி நாற்றம் அடித்தது. அன்று மாலையே குப்பை முற்றத்துக்குத் திரும்பிவிட்டேன். ஒரு பொக்கெற்றில் பேனா, மற்றதில் பக்கெற். வீட்டு பல்கனியில் பேனாவை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மனைவி நம்பினாள். எபினேக்குத் தொலைபேசி எடுத்து, "அவர் விட்டிட்டார்" என்று அண்ணியிடம் சொன்னாள். அன்றைக்கே அண்ணை என்னைக் கூப்பிட்டார். "விட்டிட்டாயாம், கேள்விப்பட்டன். சந்தோசம் தம்பி. என்னாலையும் ஏலுமோ எண்டு பாக்கிறன்" என்றார். இருபது வருடத்தில் நாங்கள் சிகரெட்டைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. "ஏலும் அண்ணை" என்றேன். அதைச் சொல்லும்போது என் கையில் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் குசினி மேசையில் ஒரு துணியை விரித்து உட்காருவாள். பேனாவைக் கழற்றி, தாங்கியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி, துணியில் கவிழ்த்து வைப்பாள். பூட்டும் இடத்துப் புரிகளைக் காதுக்குச்சியால் துடைப்பாள். பிறகு ரெசிஸ்தான்சை மணந்து பார்ப்பாள். "திருப்பியும் கருகிப்போச்சு அப்பா" என்பாள். இரண்டு கிழமை இருக்கவேண்டியது எனக்கு நாலு நாள் இருக்கவில்லை. "சாமான் சரியில்லை. அவன் ஏமாத்திப்போட்டான்" என்பேன். புதிதை எடுத்து மூன்று துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருப்பாள்.

ஒரு நாள் ஃபிரிட்ஜ் தாளின் அடியில் வேறு மையில் ஒரு புது வரி இருந்தது. 'லிக்கிட் காணாது என்றால் அப்பா தனியப் போய்க் கடைக்காரரோடு கதைக்கவும். நான் வரத் தேவையில்லை.'

எனக்குச் சுள்ளென்று வந்தது. தகப்பனோடு தெருவில் நடக்க வெட்கம் வந்துவிட்டது, பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

"என்னோட வர உனக்கு வெக்கமாயிருக்கோ? நாலு எழுத்துப் படிச்சவுடன தகப்பன் ஆகாமல் போயிட்டானோ?"

"இல்லை அப்பா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி என்ன என்று கேட்டாள். பிள்ளைக்கு வாய் கூடிவிட்டது என்றேன்.

புது ரெசிஸ்தான்ஸ் முடிந்துபோயிற்று. அவளைக் கூப்பிட என் ரோசம் விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவிலிருந்த ஓய்வில், தனியாகப் போனேன். கடைக்காரர் கருகிய ரெசிஸ்தான்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சு தார் மாதிரி இருந்தது. எங்கள் ஆட்களோடு பேசும்போது பேசுகிற மாதிரி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "ஒரு நாளைக்கு ஐந்துதானா" என்று கேட்டார்.

பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"நோன்," என்றேன். "அன் பக்கே." இல்லை, ஒரு பக்கெற்.

சொல்லி முடிக்க இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அவர் ஆச்சரியப்படவும் இல்லை. பன்னிரண்டு என்று போட்ட போத்தலை எடுத்து வைத்தார். உங்கள் மகள் மூன்று கிழமைக்கு முன்னர் வந்திருந்தாள் என்றார். உள்ளே வராமல் வாசலில் நின்று, ரெசிஸ்தான்ஸ் ஏன் நாலு நாளில் கருகுகிறது என்று கேட்டிருக்கிறாள். இப்படி இழுக்கிறவர் ஐந்து சிகரெட்காரர் இல்லை, இவருக்குக் கூடின லிக்கிட் வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதைத் தரும்படி கேட்டிருக்கிறாள். உனக்கு விற்க முடியாது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து உண்மையைச் சொல்லச் சொல் என்றிருக்கிறார். அதற்கு அவள், "நான் பக்கத்தில் நின்றால் அவரால் சொல்ல முடியாது" என்று சொன்னாளாம்.

இவ்வளவும் பிரெஞ்சில்தான் சொன்னார். எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கிற்று.

போத்தலை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சிகரெட்டுக்காக அல்ல. அந்த வரியை அவள் எத்தனை தரம் யோசித்து எழுதியிருப்பாள், அதற்கு நான் கேட்ட கேள்வி என்ன என்பதற்காக. தெரிந்தவர் யாரோ தெருவுக்கு அங்காலிருந்து கை காட்டினார். நான் வேப் கடை வாசலில் போத்தலோடு அப்படியே நின்றேன்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் துணியை விரித்தபோது புதுப் போத்தலை மேசையில் வைத்தேன். பன்னிரண்டு என்ற எண்ணை வாசித்தாள். பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தாங்கியில் நிரப்பினாள். இரண்டு கிழமை கழித்து, "இந்த முறை கருகேல்லை அப்பா" என்றாள். "ஓம்" என்றேன். அதற்கு மேல் நான் பேசியிருக்கவேண்டும், பேசவில்லை.

அந்த வருடக் கடைசியில் மருத்துவரிடம் ரண்டேவூ. அறை வாசலில் அவள் நின்றுவிட்டாள். "நீங்கள் போங்கோ, நான் வெளியில இருக்கிறன்" என்றாள்.

"இல்லை பிள்ளை, உள்ள வா."

மருத்துவர் வழக்கம்போல அவளைப் பார்த்தே கேட்டார். அவள் என் பக்கம் திரும்ப முன்னர் நான் பேசத் தொடங்கிவிட்டேன். உடைந்த பிரெஞ்சு, சமையலறைப் பிரெஞ்சு. முன்பு ஒரு நாளைக்கு ஒரு பக்கெற், இப்போது பேனா, அதோடு இன்னும் இரண்டு சிகரெட் என்றேன். மூன்று என்று எழுதியிருப்பது பொய், ஐந்து என்று கடையில் சொன்னதும் பொய், இரண்டையும் பிள்ளையைக்கொண்டு நான்தான் சொல்ல வைத்தேன் என்றேன். எவ்வளவு காலமாக ஒரு பக்கெற் என்று கேட்டார். இவள் பிறக்க முதல் தொட்டு என்றேன்.

மருத்துவர் பழைய பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் மகளிடமே திரும்பி, சரிதானா என்று கேட்டார்.

"வுய்", ஓம் என்றாள், என்னைப் பார்க்காமல். என் சிகரெட்டைப் பற்றி அந்த அறையில் அவள் சொன்ன முதல் உண்மை அது.