கை ஊன்றாமல் எழுந்திருங்க

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். அங்கே வருகிற யாரையும் நான் லேசில் நம்புவதில்லை. வயிற்றுவலி என்பார்கள், உற்பத்தி லைனிலிருந்து தப்பிக்க வந்திருப்பார்கள்.

அன்று செக்யூரிட்டி சூப்பர்வைசர் தேவராஜ், கேட் காவலாளி ஏகாம்பரத்தைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இந்தாள ஊதச் சொல்லு சிஸ்டர். கதவு சீல் பாக்காம கன்டெய்னர வெளிய வுட்டுட்டான். தள்ளாடிக்கினு நடக்கறான். ஒண்ணு சரக்கு போட்டுக்கினான், இல்லாட்டி டிரைவர்கிட்ட ஏதோ வாங்கிக்கினான்."

ஏகாம்பரம் பென்னலூர்க்காரர். அறுபத்தைந்தைத் தாண்டியவர். ஊதினார். குடியைச் சோதிக்கும் மிஷின் பூஜ்யம் காட்டியது. தேவராஜ் மிஷினையும் சந்தேகப்பட்டு, தானே ஒரு தடவை ஊதிப் பார்த்தார்.

என் சந்தேகம் வேறு பக்கம் போனது. பெரியவரின் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தது. யூனிஃபார்ம் தொளதொளவென்று தொங்கியது.

"சாப்பிட்டீங்களா ஐயா?"

"ஆச்சு சிஸ்டர். கேன்டீன்ல பிரியாணி."

பிரியாணி புதன்கிழமைதான். அன்று வெள்ளி. பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்து, "கை ஊன்றாமல் எழுந்திருங்க" என்றேன். முடியவில்லை. என் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடியில் பலமே இல்லை.

தேவராஜ் ஃபோன் பேச வெளியே போனதும் ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார்.

"சீல் பாத்தனா இல்லயான்னே தெரியல சிஸ்டர். குடிச்சேன்னு எழுதிக்கோ. குடிச்சவன சஸ்பெண்ட் பண்ணிட்டு திருப்பி எடுத்துப்பாங்க. மறதின்னு தெரிஞ்சா எந்த கேட்டுலயும் நிக்க வெக்க மாட்டாங்க."

ஆனாலும் உள்ளதைத்தான் எழுதினேன். அதைப் படித்ததும் தேவராஜே தன் பைக்கில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கால் பலத்தையும் ஞாபகத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும், சாப்பாடும் நடையும் விடக்கூடாது என்றாராம் டாக்டர்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடம்பு தளர்ந்த எல்லோருக்கும் மறதி வந்துவிடாது. ஆனால் வயதானவர் தள்ளாடினால் அவருடைய ஞாபகத்தையும் விசாரியுங்கள், மறந்தால் நடையையும் பாருங்கள். ஒன்றோடு நின்றுவிடாதீர்கள்.

ஏகாம்பரத்துக்குக் கேட் வேலை போய்விட்டது. அவருடைய ஐடி கார்டைத் திருப்பி வாங்கிய அன்று தேவராஜ் என் அறைக்கு வந்து, அந்தக் கார்டை மேஜைமேல் வைத்தார்.

"அவரு நெஜமாவே குடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும் சிஸ்டர்" என்றார்.