எண்ணெய் படிந்த விரல்

ஜன்னலே இல்லாத அந்தக் கொட்டகையில் அவளுக்கு இருபத்திரண்டு வருடம் கழிந்துவிட்டது. உள்ளே ஒரு நீளமான கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில் மின்விசிறி, மறுமுனையில் அலைகளை விழுங்கும் சரளைச் சரிவு. காற்று எப்படி அலையை வளர்க்கிறது என்று அளப்பதே அவள் வேலை. எல்லோருக்கும் அவள் 'தொட்டியக்கா'. பாவம், கடலை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வீட்டிலும் நான்கு சுவர்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த அண்ணனின் முதுகுக்கு எண்ணெய் தேய்க்காமல் அவளால் வாசலைத் தாண்ட முடியாது.

கடலுக்குள் நிற்கும் அளவைக் கோபுரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. மெல்லிய காற்றில் அலை வளர்த்துக் காட்டினால் அந்த வேலை அவளுக்கு என்றார் வெளியூர் அதிகாரி. சோதனை நாளன்று பதினொரு மணிக்கே அவருக்கு ரயில்.

அன்று காலை அண்ணன் சிரித்தான். "கடலைப் பாக்கப் போறியாக்கும். கடல் உன்னைக் கேட்டுச்சா?" அடுத்த நொடியே குரல் உடைந்தது. "இன்னிக்கு நல்லா தேய்ச்சு விடும்மா. நாளைக்கு யாரு இருக்கா எனக்கு?"

அழுதுகொண்டே தேய்த்தாள். நேரமாகிவிட்டது. கையைப் புடவையில் துடைத்தபடியே ஓடினாள்.

அலை உயரத்தை அளக்கும் கம்பி தொட்டியின் கடைசிப் பக்கம் நீருக்குள் நின்றது. துணி நூல் விடும் என்பதால் அதை வெறும் விரலால் துடைப்பதே அங்கே பழக்கம். அவளும் துடைத்தாள்.

விசிறி சுழன்றது. அதன் அருகே நீர்ப்பரப்பில் சுருக்கம் விழுந்தது. அந்தச் சுருக்கம்தான் காற்றுக்குப் பிடி. பிடி கிடைத்தால் காற்று அலையின் முதுகைத் தள்ளும். அலை உயர உயர இன்னும் அதிகமாகத் தள்ளும். ஆனால் கம்பியை நெருங்கும் முன்பே எல்லாம் அடங்கி, நீர் வழவழவென்று கிடந்தது.

அதிகாரி விசிறி மெக்கானிக்கை முறைத்தார். மூன்று பிள்ளைகளின் தகப்பனான அவன் முகம் வெளுத்தது.

"விசிறி நல்லாதான் இருக்கு சார்," என்றாள் அவள். "என் விரல்ல எண்ணெய். அது தண்ணி மேல படர்ந்தா காத்துக்குப் பிடி கிடைக்காது."

மேல்நீரை வழித்தெடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு அலைகள் அழகாக வளர்ந்தன. சரளையில் மோதிச் செத்தன. பார்க்க அவளைத் தவிர யாருமில்லை.

மாலையில் கதவைத் திறந்ததும் அண்ணன் தலையைத் தூக்கினான். "போகலையா?"

அவன் கண்களில் பொங்கிய நிம்மதியை அவளால் பார்க்க முடியவில்லை. திரும்பி நின்று எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினாள்.