ட்ரங்க் லைனை அறுக்கச் சொன்ன தேவஇரக்கம்

தேவஇரக்கத்துக்கு ரோசம் ஜாஸ்தி. மற்றபடி தங்கமான மனுசன். குடி கிடையாது, பொய் புரட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் ஒரு சொல் பொறுக்க மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே சின்ன வாத்தியாராகவும் சேர்ந்தவர். ஒரு நாள் ஹெட்மாஸ்டர், பிள்ளைகள் காதில் விழும்படி, "என்ன வே, இப்பத்தான் விடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், சாக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் அந்தத் தெருப்பக்கமே திரும்பவில்லை. மச்சினன் கல்யாணத்தில் தன்னை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று வன்னியம்பட்டியிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்தே வந்தார். பெண்டாட்டி அன்னத்தாய் பின்னாலேயே நடந்து வந்தாள். அவளுக்கும் பசிதான், பாவம், யார் கேட்டார்கள்?

அப்படிப்பட்ட மனுசனுக்கு ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் வேலை கிடைத்தது. மில் ஆபீசில் புதிதாக டெலிபோன் போர்டு வைத்திருந்தார்கள். இங்கிலீஷும் தெரியணும், குரலும் தெளிவாக இருக்கணும் என்று தேடி இவரைப் பிடித்தார்கள். ஆளுயர மரப்பெட்டி. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன மூடிகள். எந்த ரூமிலிருந்து கூப்பிட்டாலும் அந்த ரூமுக்கு உள்ள மூடி டப்பென்று விழும். ஒரு ஒயரை எடுத்து இங்கே, இன்னொன்றை அங்கே சொருகிவிட்டால் நூற்புக் கூடமும் பஞ்சுக் குடோனும் பேசிக்கொள்ளும். அதெல்லாம் காம்பவுண்டுக்குள் நடக்கிற பேச்சு. வரிசையில் கடைசியாக இருந்ததுதான் ராஜா, ட்ரங்க் லைன். தபாலாபீஸ் எக்சேஞ்சுக்குப் போய், அங்கிருந்து விருதுநகர், மதுரை என்று போகும். மில்லுக்கும் வெளி உலகத்துக்கும் இருந்தது அந்த ஒத்தைக் கம்பிதான்.

அந்த மூடி விழுந்தால் தேவஇரக்கம் சட்டைக் காலரை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டுதான் எடுப்பார். போனில் பேசுகிறவனுக்குக் காலர் தெரியவா போகிறது? "மதுரை லைன்ல இருக்காவ, ஐயா" என்று அவர் மானேஜரிடம் சொல்லுகிற தோரணையைப் பார்த்தால் மதுரையே அவர் கைக்குள் இருக்கிற மாதிரி இருக்கும். அன்னத்தாய்க்கும் அதில் பெருமை. குழாயடியில் யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்காரவிய மணி அடிச்ச ஒடனே எடுத்துருவாவ, ரெண்டாம் மணிக்கு வேலையே இல்ல" என்பாள். பதினோரு வருசமாகப் பிள்ளை இல்லாத வீடு. பெருமைப்பட அவளுக்கு வேறு என்ன இருந்தது?

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருசம், பங்குனியில் வந்தது வினை. தினம் காலையில் பஞ்சு விலை மதுரையிலிருந்து ட்ரங்க் லைனில்தான் வரும். ஒரு நாள் விலை ஏறப்போகிற சேதி வந்து மில் பஞ்சு வாங்கக் கிளம்புவதற்குள், தரகர் நைனா முகமது ஊரிலிருந்த பஞ்சை எல்லாம் வளைத்துப் போட்டுவிட்டார். மானேஜருக்கு இவர் மேல் சந்தேகம். நேராகத் திட்டவில்லை. "லைனைக் கேக்குறவன் காது ஒண்ணுதான்வே இருக்கு இந்த ஆபீஸ்ல" என்று மட்டும் சொன்னார். திருடன் என்றே சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"அப்படின்னா அந்த லைனை உங்க ரூமுக்கே கொண்டு போயிருங்க, ஐயா" என்றார் இவர்.

மானேஜரும் சரி என்றுவிட்டார். விருதுநகரிலிருந்து மெக்கானிக் தவசிமுத்து வந்தான். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, ட்ரங்க் லைனை மூன்று விதமாக வைக்கலாம் என்று விவரம் சொன்னான். இப்போது இருக்கிறபடி போர்டு வழியாகவே போகலாம். இல்லையென்றால் போர்டில் தொடாமல் நேரே மானேஜர் ரூமுக்கு இழுக்கலாம். மூன்றாவது, நேரே ரூமுக்கு இழுத்துவிட்டு, போர்டில் ஒரு சுவிட்சு மட்டும் வைக்கலாம். ரூமில் ஆள் இல்லாதபோது அதைத் தட்டினால் லைன் போர்டுக்கு வந்துவிடும். மானேஜருக்கு எதிலும் அக்கறை இல்லை. "ரூமுக்கு வந்தாச் சரி. மிச்சத்தைத் தேவஇரக்கத்துக்கிட்டக் கேட்டுக்கோ" என்று போய்விட்டார்.

"சுவிட்சு வச்சிருதேன் அண்ணாச்சி. அவசரத்துக்கு ஆவும்" என்றான் தவசிமுத்து.

"எனக்கு எதுக்குவே சுவிட்சு? நாளைக்கு அதையும் தட்டி ஒட்டுக் கேட்டேம்பாவ. மொத்தமா அத்துரு."

"யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்குப் போனா நான் திரும்ப வர மாசக்கணக்கா ஆவும்."

"யோசிக்க ஒண்ணுமில்ல. அத்துருங்கேன்லா!"

அறுத்தாயிற்று. ட்ரங்க் கம்பி சுவரோடு சுவராக மானேஜர் ரூமுக்குள் போய்விட்டது. போர்டில் அந்த மூடி இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது. வீட்டில் இவர் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்லுவார்? அன்னத்தாய் அந்த வருசம் உண்டாகியிருந்தாள். பதினோரு வருசத்துக்குப் பிறகு! அந்தச் சந்தோசத்தில் இதைப் போய்ச் சொல்லவா என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் அன்னத்தாய்க்குக் கால் வீங்கி, தலைசுற்றல் வந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வன்னியம்பட்டிக்குப் போயிருந்தவளை அங்கிருந்தே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இவரும் கூடப் போய்ச் சேர்த்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஒருவேளை அறுத்து எடுக்க வேண்டி வரலாம், அப்போது வீட்டுக்காரர் சம்மதம் வேணும் என்றார் டாக்டரம்மா. லீவு இல்லை. மாமியார் அழகுத்தாயைக் காவலுக்கு வைத்துவிட்டு, நர்சிடம் மில் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்னத்தாய் படுக்கையிலிருந்தே, "போங்க, நான் பயப்படல. போன் போட்டா எடுக்கப்போறது நீங்கதான்" என்று சிரித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சரி, மானேஜரிடமாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? 'ஐயா, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், வந்தால் ஒரு குரல் கொடுங்க.' ஒரு வரிதானே. தினமும் காலையில் அதைச் சொல்லத்தான் அவர் ரூம் வாசல் வரைக்கும் போவார். மானேஜர் தலை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையைக் கண்டதும் இவருக்குப் பங்குனியில் கேட்ட சொல் மறுபடி காதில் விழும். திரும்பி வந்துவிடுவார்.

ஆடிப்பூரம் வந்தது. மானேஜர் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போய்விட்டார், ரூமைப் பூட்டிக்கொண்டு. மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசில் இவரும் வாட்ச்மேனும்தான். பத்து மணி இருக்கும், பூட்டின ரூமுக்குள் மணி அடித்தது.

கேட்ட மாத்திரத்தில் இவருக்குத் தெரிந்துவிட்டது. பஞ்சு விலை நேரம் எப்போதோ கழிந்துவிட்டது. தேர் அன்றைக்கு வியாபாரிகளும் கூப்பிட மாட்டார்கள். ஓடிப்போய்க் கதவை இடித்தார். தேக்குக் கதவு, அசையவில்லை. மணி உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. போர்டுக்கு ஓடி வந்து, மூடி இல்லாத அந்தத் துளையில் ஒயரைச் சொருகிக் காதில் வைத்தார். பைத்தியக்காரத்தனம்தான். கம்பியே இல்லாத துளையில் என்ன கேட்கும்?

"பூட்டை ஒடைவே!" என்று வாட்ச்மேனைக் கெஞ்சினார்.

"என்ன சாமி சொல்லுதிய, மானேஜர் ரூமையா? எம் பொழப்பு போயிரும்."

மணி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இங்கதாம்மா இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று சத்தம் போட்டார். யாருக்குக் கேட்கும்? அந்த மணியும் நின்றது. வாட்ச்மேன் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு மிதித்தார்.

எக்சேஞ்சில் இருந்தவன் ஐயாதுரை. பங்குனி வரைக்கும் தினம் குரலால் பழகினவன். "வாங்க அண்ணாச்சி. மதுரை ஆஸ்பத்திரி கால் ஒண்ணு ரெண்டு மட்டம் போட்டேன், மில்லுல எடுக்கவே இல்ல. ஆளில்லன்னு சொல்லி விட்டுட்டேன். மானேஜர் இல்லன்னா நீங்களாவது எடுக்கக் கூடாதா, எங்கன போயிருந்திய?" என்றான்.

தேவஇரக்கம் ஜன்னலுக்குள் கையை நீட்டினார். "மதுரை போடுப்பா. பெத்த தாயா நினைச்சுக் கேக்கேன், ஒடனே போடு."

"இப்பத்தான் விருதுநகர்ல மிலிட்டரிக்காரன் லைனைப் பிடிச்சான். அவன் விட்டாத்தான் நமக்கு. நான் என்ன செய்ய?"

உண்மைதான், அவன் என்ன செய்வான்? யுத்த காலத்தில் பட்டாளத்துப் பேச்சுக்கு முன்னால் மற்றவன் பேச்சு எல்லாம் ஓரமாகத்தான் நிற்க வேணும். தேவஇரக்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெபம் பண்ணப் பார்த்தார், வார்த்தை கோவையாக வரவில்லை. 'ஆண்டவரே, அந்த மிலிட்டரிக்காரன் வாயை மூடும்' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. உச்சி வெயில் சாய்ந்தது. தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிற வண்டிகள் ரோட்டில் சலங்கையோடு போக ஆரம்பித்தபிறகுதான் ஐயாதுரை கையைக் காட்டினான்.

முதலில் யாரோ குமாஸ்தா எடுத்தார். நர்சைக் கூப்பிடப் போனார். அவர் போகிற செருப்புச் சத்தம், வருகிற செருப்புச் சத்தம், எல்லாம் கம்பியில் கேட்டது.

"எத்தனை தடவை கூப்பிடுறது? உங்க மாமியார் கைநாட்டு வைக்க மாட்டேன்னுட்டாங்க. மருமகன் வாயால சொல்லட்டும்னு ஒரே பிடிவாதம். அறுத்து எடுக்கலாமா?"

"எடுங்கம்மா! எனக்காக எதுக்கம்மா காத்திருந்திய?"

"உங்க சம்சாரம்தான் இன்னொரு தடவை போடுங்கன்னு..." அதோடு லைன் அறுந்தது.

சாயந்தர ரயிலில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தார். அன்னத்தாய் பிழைத்துக் கிடந்தாள். பிள்ளை, ஆண் பிள்ளை, பிழைக்கவில்லை. காலையிலேயே எடுத்திருந்தால் அழுதிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். இனிமேல் உண்டாகக் கூடாது என்றும் சொன்னார்.

"மணி அடிச்சும் ஏன் எடுக்கல?" என்று கண் விழித்ததும் கேட்டாள் அன்னத்தாய்.

"லைன் கெட்டுப்போச்சு" என்றார். பொய் சொல்லாத மனுசன்.

அவள் உடனே நம்பினாள். அதுதான் கொடுமை. பக்கத்துக் கட்டில்காரிகள் கேட்கும்போதெல்லாம், "அவிய என்ன செய்வாவ, பாவம், கம்பி கெட்டுப்போச்சு" என்று இவருக்காகப் பரிந்து பேசினாள். இவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று தாயை ஏவினாள். தேவஇரக்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கட்டில் காலைப் பார்த்தபடி இருப்பார்.

நாலைந்து நாள் கழித்து மானேஜர் ஆரஞ்சுப் பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "என் பாவம்தாம்மா இது. நான் ரூமைப் பூட்டிட்டுப் போயிட்டேன்" என்றார்.

அன்னத்தாய்க்குப் புரியவில்லை. "லைன் கெட்டுப்போச்சுன்னாவளே?"

"லைனுக்கு ஒண்ணுமில்ல. என் ரூம்லதான் அடிச்சிருக்கு. இவரைச் சந்தேகப்பட்டு நான்தான் லைனை அங்க மாத்துனேன். நைனா முகமது வந்து, தனக்குச் சேதி தூத்துக்குடித் தந்தியில வந்ததுன்னு சொன்ன பொறவுதான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிரணும்."

சத்தமாகப் பேசியே அறியாதவள் அன்னத்தாய். அன்றைக்குப் பேசினாள். "நல்லா இருப்பியளா? எம் பிள்ளை உங்க கதவுக்கு வெளியே செத்துப்போச்சே! நீங்க தேர் பார்க்கப் போன நேரத்துல..." வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மானேஜர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

இந்த மன்னிப்புக்காகத்தானே தேவஇரக்கம் இத்தனை மாசம் விறைத்துக்கொண்டு திரிந்தார்! இதோ நாலு பேர் முன்னால் கிடைத்துவிட்டது. அவரால் உட்கார முடியவில்லை.

"ஐயாவை ஏசாத, அன்னம். மெக்கானிக் எங்கிட்டக் கேட்டான். சுவிட்சு ஒண்ணு வச்சா நானே எடுக்கலாம்னான். ஐயாவும் என் இஷ்டத்துக்குத்தான் விட்டாவ. நாந்தான் வேண்டாம்னேன். மொத்தமா அறுக்கச் சொன்னேன்."

மானேஜர் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்துவிட்டார்.

அன்னத்தாய் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அம்புட்டு ரோசமா? யாருக்குக் காட்ட? நான் இங்கன கிடந்து, இன்னொரு மட்டம் போடுங்கம்மா, அவிய எடுப்பாவன்னு நர்சு கையைப் பிடிச்சிக் கெஞ்சிக்கிட்டுல்லா கிடந்தேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யம்மா, பால் கட்டிக்கிட்டுக் குத்துது. துணியை நனைச்சுக் கொண்டா" என்று தாயைக் கூப்பிட்டாள். தாய் வெளி வராந்தாவில் இருந்தாள். தேவஇரக்கம் எழுந்து துணியை எடுத்தார்.

"நீங்க அங்கன வச்சிருங்க. அம்மா வரட்டும்" என்றாள்.

அவர் துணியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு நின்றார்.