தூங்கியவரை எழுப்பிவிட்டேன்

தலையில் அடிபட்டவர்களைக் கவனிப்பது பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து, வார்டில் எனக்கு ‘டார்ச் சிஸ்டர்’ என்று பட்டம்.

இன்று காலை, நேற்று மீன்பிடி வள்ளத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட குளச்சல்காரர் ஒருவரின் சார்ட்டைப் பார்த்தேன். மணிக்கு மணி ‘நல்ல நினைவு’ என்றே எழுதியிருந்தது. எழுதியவர்கள் யாரும் அவரை எழுப்பிப் பார்க்கவில்லை.

நான் எழுப்பப் போனேன். அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவிய இப்பந்தான் கண்ணசந்தாவ. ஒறங்கட்டும் மக்கா.”

அவர் சொன்னதைக் கேட்காமல் எழுப்பினேன். பெயரைச் சொல்லவே திணறினார். டார்ச் அடித்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

ஸ்கேனில் தலைக்குள் ரத்தக்கட்டு. உடனே ஆபரேஷன். சாயங்காலம் கண் திறந்து, கேட்டதும் பெயரைச் சொன்னார்!

“இன்னும் கொஞ்ச நேரம் ஒறங்க விட்டிருந்தா எழும்பியிருக்க மாட்டாரு” என்றார் டாக்டர்.

நாளை எல்லோருக்கும் நான் வகுப்பெடுக்க வேண்டும் என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

ஆனால் எனக்கு முன்பே ஒருவர் தொடங்கிவிட்டார். பையை எடுக்க வார்டுக்கு வந்த குளச்சல்காரரின் மனைவி, பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“ஒறங்கட்டும்னு விட்டுராதீங்க. மணிக்கொருக்க எழுப்பிப் பேரு கேளுங்க!”

பாவம், அந்தக் கட்டில்காரருக்கு முறிந்திருப்பது கால்.