பூசைக்கு முந்திய சாமைச் சோறு

அழைப்பிதழில் 'உரையாடலும் விருந்தும்' என்று போட்டிருந்தோம். சாப்பாட்டை முதலில் போட்டால் பேச ஆள் இருக்காது என்பதால் அந்த வரிசை. மலையில் எங்கள் உற்பத்தியாளர் சங்கத்தின் எழுத்து வேலையை நான் பார்க்கிறேன். நாற்காலி போடுவது, மைக் சொல்லி வைப்பது, முடிந்ததும் பாத்திரம் எண்ணித் திருப்பிக் கொடுப்பது எல்லாமே எழுத்து வேலையில் சேர்த்தி. இத்தனை வருடத்தில் இப்படிப் பல கூட்டங்கள் நடத்திவிட்டேன். வருகிறவர்கள் மாறுகிறார்கள், என் முழங்கால் வலி மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

அது கார்த்திகை மாதம். காவலூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் சமுதாயக் கூடம். மழை விட்டிருந்தாலும் சுவரில் ஈரம் காயவில்லை. தேன் எடுப்பவர்கள், புளி உடைத்து விற்கும் பெண்கள், கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர், அடிவாரத்திலிருந்து செக்கு எண்ணெய்க்காரர் என்று பல பேர் வந்திருந்தார்கள். ஆனால் எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஆளுக்காக. அவர் திருப்பத்தூரில் சிறுதானியக் கடை வைத்திருப்பவர்.

அவர் அதிகம் வேண்டியிருந்தது அந்த ஊர்ச் சாமைக் குழுத் தலைவிக்கு. இதுவரை அந்த ஊரார் சாமையை உமியோடு மூட்டை கட்டி, வேனில் வரும் வியாபாரியிடம் அவன் சொன்ன விலைக்குப் போட்டு வந்தார்கள். அந்த வருடம் உமி நீக்கும் மெஷின் வந்துவிட்டது. கடைக்காரர் அரிசியாக நேரே எடுத்துக்கொண்டால் மெஷின் ஓடும். இல்லையென்றால் மறுபடி அதே வேன்தான்.

"அக்கா, அந்த ஆளு ஒரு வாய் சாப்புட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டா போதும். மெஷின் மேல கோழி ஏறி ஒக்காந்துனு இருக்குது" என்று அவள் முந்தின வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் போனில் ஒரே நிபந்தனைதான் போட்டார். இந்த வருடத்துச் சாமையைத்தான் பொங்க வேண்டும், பழையதை வைத்து ஏமாற்றக் கூடாது. அதில்தான் சிக்கல் இருந்தது. அந்த ஊரில் புதுச் சாமையைச் சாமிக்குப் பொங்கி வைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். வழக்கமாக அதற்குள் பூசை முடிந்திருக்கும். பூசாரி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் அது தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. கட்டுப்பாடு ஊராருக்குத்தான், வெளியூர்க்காரருக்கு இல்லை. சமைத்துக் கொடுப்பதற்கும் தடை இல்லை. ஆகவே விருந்தாளிகளுக்குப் புதுச் சாமைச் சோறு, ஊராருக்கு ரேஷன் அரிசிச் சோறு, இரண்டுக்கும் பொதுவாக மொச்சைக் குழம்பு என்று முடிவானது. முன்பு வந்த விருந்தாளிகள் யாரும் அடுத்தவர் இலையைப் பார்த்ததில்லை.

சாமை வெந்ததும் உப்புப் பார்க்க ஊரில் வாய் இல்லை. தலைவி எண்ணெய்க்காரரைக் கூப்பிட்டாள்.

"ண்ணா, கொஞ்சம் வாயில போட்டுப் பாத்து சொல்லுங்க."

"இன்னாம்மா, வெஷம் கிஷம் கலந்துட்டு என்ன வெச்சு சோதிக்கிறியா?"

"கலக்கறதா இருந்தா ஒங்க எண்ணெயில கலந்திருப்போம். அதுல இன்னா கலந்தாலும் தெரியாது."

அடுப்படியே சிரித்தது. அவர் இன்னொரு பிடி வாங்கித் தின்றுவிட்டு உப்புக் கொஞ்சம் கம்மி என்றார்.

உரையாடல் வழக்கம்போல் நடந்தது. மைக் இடையில் நின்றது. தங்கள் பொருள் கலப்படம் இல்லாதது என்று ஒவ்வொருவரும் எழுந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எண்ணெய்க்காரர் மட்டும், "நான் பேசலீங்க, மூடியத் தொறக்கிறேன், மோந்து பாத்துக்கோங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய கடைக்காரர் யாரோடும் பேசாமல் சாமை அரிசியை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. தலைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இருட்டத் தொடங்கியபோது மந்தாரை இலை போட்டோம். கடைக்காரர் குழம்பு ஊற்றிப் பிசைந்து முதல் உருண்டையைக் கையில் எடுத்தார். எதிர்வரிசையில் தலைவியும் ஊர்ப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கை பாதியில் நின்றது.

"ஏம்மா, ஒங்க எலையில மட்டும் வெள்ளச் சோறு இருக்குது?"

எண்ணெய்க்காரர்தான் முந்திக்கொண்டார். "அவங்க தெனமும் சாமதான் சார். இன்னிக்கு ஒரு நாளு மாத்தி துன்னட்டுமே."

இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"கடைக்கு வர்றவங்க எங்கிட்ட மொதல்ல இன்னா கேப்பாங்க தெரியுமா? மலையில இருக்கறவங்களே இதத்தான் சாப்புடறாங்களான்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?" என்றார் கடைக்காரர். குரலை உயர்த்தவில்லை.

தலைவி இலையிலிருந்து கையை எடுத்தாள். "இன்னும் சாமிக்கு வெக்கலீங்க. பூசை ஆவற வரைக்கும் புதுச நாங்க வாயில வெக்க மாட்டோம். ஒங்களுக்கு அது இல்லீங்க. நீங்க வெளியூரு."

இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் முகமும் முதலில் தெளிந்தது. பிறகு கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார்.

"சாமிக்கு வெக்காதத எனக்கு வெச்சிட்டீங்களா?"

"ஒங்களுக்குக் குத்தம் ஒண்ணும் இல்லீங்க."

"நான் வெளியூருன்னு ஒங்க சாமிக்குத் தெரியும்தாம்மா. எனக்கு மனசு ஒப்பணுமே."

உருண்டையை இலையில் வைத்து, இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்து, ஊரார் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து ரேஷன் அரிசிச் சோறு கேட்டார். மொச்சைக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார். கோபம் கொஞ்சமும் இல்லை. கிளம்பும்போது தலைவியிடம், "பூசை போட்டுட்டு சொல்லி அனுப்புங்க. வூட்டோட வர்றேன். சாப்புட்டுட்டுதான் பேசுவேன். வாய்ல வெக்காத பொருள நான் விக்கறதில்ல" என்றார்.

"தையிலங்களா?"

"தையில வர்றேன்."

வேன் அடுத்த வாரம் வரும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

மீந்த சாமைச் சோற்றை எண்ணெய்க்காரர் தூக்குச் சட்டியில் வாங்கிப் போனார். தலைவியும் நானும் அண்டா கழுவினோம். அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அந்த ஆளு மேல கோவமே வரலக்கா. அதான் கஷ்டமா இருக்குது. ஏமாத்துறவனா இருந்தா திட்டிட்டுப் படுத்துக்கலாம்."

பூசையை முன்னுக்குப் போட முடியுமா என்று அவள் மறுநாள் பூசாரி வீட்டில் கேட்டாள். தீட்டு கழியாமல் எப்படி என்றார்கள். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது சரியென்று அவளே நினைத்திருக்க மாட்டாள்.

வேன் வந்தது. ஈரக் காலத்தில் மூட்டையை வீட்டுக்குள் வைத்துக் காப்பது எளிதில்லை. தைக்குக் காத்திருக்கும் நிலையில் பலர் இல்லை. பெரும்பாலான வீடுகள் போட்டுவிட்டன. தலைவி யாரையும் தடுக்கவில்லை. தன் மூட்டைகளையும் பக்கத்து வீட்டு மூட்டைகளையும் பரண் மேல் ஏற்றித் தினமும் புரட்டி வைத்தாள்.

தையில் பூசை நடந்தது. கடைக்காரர் சொன்னபடியே மனைவியோடு தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு வந்தார். ஊராரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாமைச் சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிய உடனே, "எல்லாத்தயும் எடுத்துக்கறேன். எவ்ளோ இருக்குது?" என்றார். அவள் பரணைக் காட்டினாள்.

"இவ்ளோதானா?"

"மீதிய வேன்காரன் சாமி கும்புடாமயே எடுத்துனு போய்ட்டான்."

அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் மொத்தமும் எனக்குத்தாம்மா" என்றார்.

"பூசை எப்ப ஆவுதோ, அப்பதாங்க."

சரி என்று தலையசைத்தார். மெஷின் மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டது. அரிசி மூட்டைகளை அவர் கொண்டுவந்த சிறிய வண்டியில் ஏற்றினார்கள். வண்டியில் பாதி இடம் காலியாக இருந்தது. வேனுக்குப் போட்டவர்கள் பூசைச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, வெதைக்கு வெச்சது ஒரு கூடை வூட்ல இருக்குது. அத எடுத்துக்குவாரா?"

விதைக்கு என்ன செய்வாய் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. "வேணாம், நீயே வெச்சுக்கோ" என்றேன். அவள் சரி என்று சொன்னாள். ஆனால் வண்டி திருப்பத்தில் மறையும் வரை வீட்டுக்குப் போகவில்லை.