தவிட்டுக்குப் போன பிள்ளை

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்து மருத்துவமனை ஒன்றில் நான் ஆராய்ச்சி நர்ஸ். பெயர்தான் பெரிது, வேலை என்னவோ பஸ் ஏறி இறங்குவது. குறைமாதத்தில் பிறந்து ஆக்ஸிஜனில் கிடந்த குழந்தைகளுக்குக் கண்ணின் பின்பக்கம் ரத்தக்குழாய்கள் கோணலாக வளர்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் காப்பாற்ற வழி உண்டு. விட்டால் பார்வை போய்விடும். மதுரையிலிருந்து கண் டாக்டர் வரும் நாளை வீடு வீடாகப் போய்ச் சொல்லி, தாயையும் பிள்ளையையும் வரவழைப்பது என் பொறுப்பு.

முதல் வருடம், குழந்தை இறந்துபோன வீடுகளில் நானும் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இரண்டாம் வருடம் வாசலிலேயே நின்று அட்டையில் குறித்துக்கொண்டு திரும்பப் பழகிவிட்டேன். "இப்பத்தான் நீ நர்ஸ் ஆயிருக்க" என்று தலைமை நர்ஸ் மெச்சினார். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

தேவதானத்தில் ஒரு வீடு. அந்தப் பெண்ணுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பையன் எங்கள் வார்டில் ஒரு மாதம் கிடந்து பிழைத்துப் போனவன். வார்டில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள், அன்று வாசற்படியை விட்டு இறங்கவில்லை. உள்ளே தொட்டில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

"பிள்ள எங்கம்மா?"

"இங்க பிள்ள ஏதும் இல்ல சிஸ்டர். நீங்க போங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி.

இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். என்றைக்கு, எதனால் என்று எழுத அட்டையிலேயே இடம் இருந்தது. ஆனால் எனக்கு ராஜபாளையம் போய், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு திரும்ப வேண்டும். 'இறப்பு' என்று மட்டும் எழுதிவிட்டு நடந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் அட்டையைப் பார்த்து, "காரணம்?" என்றார். "தெரியல சார்" என்றேன். அட்டை இறந்தவர்கள் பெட்டிக்குப் போனது. கண் டாக்டர் வந்த நாளில் யாரும் அந்தப் பையனைத் தேடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவள் மருத்துவமனைக்கு வந்தாள். இடுப்பில் கொழுகொழுவென்று ஒரு பையன். "இது யாரு பிள்ளம்மா?" என்றேன்.

"அவனேதான் சிஸ்டர், உங்க வார்டுல கிடந்தவன். முகம் பார்த்துச் சிரிக்க மாட்டேங்கான்னு கூட்டியாந்தேன். கண் டாக்டர் இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாக." பையனை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: "முன்ன ரெண்டும் போயிருச்சுல்லா, அதான் இவனப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தவிட்டுக்கு வித்திருந்தோம். மூணு மாசத்துக்கு எம்பிள்ளன்னு வாயால சொல்லக்கூடாதுன்னுட்டாக. நீங்க வந்தப்ப அவிய வீட்லதான் கிடந்தான்."

ஒரு படி தவிட்டுக்குப் பிள்ளையை விற்று, இது எங்கள் பிள்ளை இல்லை என்று எமனை ஏமாற்றும் வழக்கம் எனக்குத் தெரியாததா? என் அண்ணனையே அப்படி விற்றுத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். எமன் ஏமாந்தானோ இல்லையோ, நான் ஏமாந்தேன். ஏமாந்தேன் என்பதுகூடப் பொய். அதற்குமேல் நான் கேட்கவே இல்லை.

"அன்னைக்கே நான் உள்ளதச் சொல்லிருந்தா இவனுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்குமா சிஸ்டர்?"

தப்பு என்னுடையது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? "அதெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றேன். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது அது. அவள் தலையாட்டிக்கொண்டாள். என் குரல் வந்த பக்கம் பையன் முகத்தைத் திருப்பிக் கை நீட்டினான். நான் அதைத் தொடவில்லை.

பிறகு ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வந்தது. அதில் அவன் இறந்தவர்களின் கணக்கில்தான் இருக்கிறான். திருத்த வேண்டும் என்று நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. இன்று வெட்கமாக இருக்கிறது. அன்று அதுகூட இல்லை. தேவதானத்தில் அவள் இன்னமும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.